நீலம் காட்டிய கேமரா

கதவு சாத்திக்கொண்டது. படாரென்று சாத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, கோபமாவது வந்திருக்கும். இது பெரிய ஆஸ்பத்திரிக் கதவு மாதிரி ஓசையே இல்லாமல் மெத்தென்று வந்து பொருந்திக்கொண்டது. பிறகு அதன் வயிற்றுக்குள் எங்கோ ‘கிளிக்’ என்றது.

“தம்பி, கட்டையை வச்சியா?” என்றார் அண்ணி, திரும்பிப் பார்க்காமலே.

“வச்சேன் அண்ணி. சத்தியமா வச்சேன்.”

“அப்ப கதவு எப்படி மூடுச்சு?”

“அதைக் கதவைத்தான் கேக்கணும்.”

எங்களை அழைத்து வந்த மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். “படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்! இது தானா மூடிக்கும், மூடினா உள்ளேர்ந்து தகராறு பண்ணும், கட்டையைப் பாத்துக்குங்கன்னு. இப்படிப் பண்ணிட்டீங்களே!”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நான் செய்யாத தப்பே உலகத்தில் கிடையாது என்பது எங்கள் வீட்டில் ஏற்கெனவே முடிவான விஷயம். வெளியிலும் அதே தீர்ப்பென்றால் மனுஷன் எங்கேதான் போவது?

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனியில் புளுகுபவர்களைப் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போய், தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். அங்கே நான் உதவியாளன். அதாவது கார் ஓட்டுவது, டீ வாங்குவது, திட்டு வாங்குவது.

மேனேஜர் கழுத்துப் பட்டையில் தொங்கிய அட்டையை எடுத்துக் கதவோரம் இருந்த சின்னப் பெட்டியில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. “பாத்தீங்களா? வேலை செய்யலை. இனிமே காவலாளி சுத்தி வரும்போதுதான் திறப்பான். நாலு மணிக்கு மேல ஆகும்” என்றவர், அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நாலு மணி என்றதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நேரத்துக்குத்தான் மேலே முதலாளி போலீஸைக் கூப்பிடப் போகிறார்.

விஷயம் இதுதான். இது ரத்தினக்கல் வாங்கி விற்கும் கம்பெனி. போன வாரம் விற்பனைக்கு ஒரு கல் வந்தது. நல்ல கடல் நீலம். முதலாளி அன்று ஊரில் இல்லாததால் மேனேஜர்தான் வாங்கி, படம் எடுப்பதற்காகக் கம்பெனி போட்டோக்காரரிடம் கொடுத்தார். அவர் இதே அறையில் படம் எடுத்து, கல்லை மேசையிலேயே விட்டு அறையைப் பூட்டிச் சாப்பிடப் போய் வந்து, பிறகு அதைப் பெட்டியில் வைத்து, தன் கையாலேயே முத்திரை போட்டு, பெட்டகத்துக்கு அனுப்பினார். முதலாளி வந்து முத்திரையை உடைத்துப் பார்த்தால், உள்ளே இருப்பது பச்சை தட்டும் மலிவான கல். படத்தில் இருப்பதோ சுத்த நீலம். நீலக் கல் போட்டோக்காரர் மேசை வரைக்கும் வந்ததற்கு அந்தப் படமே சாட்சி. அப்புறம் அதை மாற்றியது யார்? போட்டோக்காரரைத் தவிர வேறு யாரைச் சொல்வது?

“என்கிட்ட வந்தப்பவே பச்சைதாங்க தட்டுச்சு” என்று மனுஷன் காலையிலிருந்து ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார். யார் கேட்டது? மேலே ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். வரவேற்பறையில் அவர் மனைவி. அந்த அம்மாதான் முந்தின நாள் சாயங்காலம் எங்கள் ஆபீஸுக்கு வந்தவர். அவர் அண்ணியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அவர் எடுத்தாரா, எடுக்கலையா? அதை மட்டும் எனக்குச் சொல்லிடுங்க.” முதலாளி எங்களுக்கு நாலு மணி வரை அவகாசம் கொடுத்தார். அந்த அவகாசத்தைத்தான் இப்போது தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஒரு அறைக்குள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தோம்.

எனக்கு மூடிய அறை என்றாலே பயம். லிஃப்டில் நாலு மாடி போவதற்குள் கடவுளிடம் நாற்பது வேண்டுதல் வைப்பவன் நான். இங்கே நாலு பக்கமும் சாம்பல் நிறச் சுவர். கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லை. நடுவில் ஒரு மேசை, அதன் மேல் பின்னாலிருந்து வளைந்து இறங்கும் அகலமான தாள், இரண்டு பக்கமும் பெரிய விளக்குகள், முக்காலியில் ஒரு கேமரா. விளக்குகளின் சூட்டில் நெற்றி கசகசத்தது. கதவைப் போய்த் தட்டினேன். தலையணையைத் தட்டின மாதிரி இருந்தது.

“சும்மா தட்டாத. கை வலிக்கும்” என்றார் அண்ணி.

“மேல ஒரு மனுஷனைத் திருடன்னு இழுத்துட்டுப் போகப் போறாங்க. நாம இங்க வெந்துக்கிட்டிருக்கோம். உங்களுக்குப் பதட்டமே வராதா அண்ணி?”

“வரும். உன்னை மாதிரி ரெண்டு கையாலயும் வராது.”

சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்து ஒன்றை எடுத்தார். உள்ளங்கை அகலத்தில், வட்டமாக, பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி.

“மூடி இருக்கு. டப்பா எங்க?” என்றேன்.

“இது கேமராவோட மூடி. காலையில போட்டோக்காரர் மனைவி குடுத்தாங்க. கம்பெனி வாங்கித் தரலைன்னு சொந்தமா வாங்கினாராம். அதனால சட்டைப்பையை விட்டு இறக்கவே மாட்டாராம். சாப்பிடப் போனாலும் கூடவே போகுமாம்.”

“இப்ப எதுக்கு மேடம் அதெல்லாம்?” என்றார் மேனேஜர்.

“பொழுது போகணுமே சார். தம்பி, மஞ்சள் பல்பு வெளிச்சத்துல வெள்ளைச் சட்டையைப் பாத்தா உனக்கு என்னவாத் தெரியும்?”

“வெள்ளைச் சட்டையாத்தான் தெரியும்.”

“ஏன்னா கண்ணு அனுசரிச்சுப் போகும். கேமராவுக்கு அனுசரிக்கத் தெரியாது. அதுக்கு அந்தச் சட்டை மஞ்சள்தான். அதனால படம் எடுக்கிறதுக்கு முன்னாடி, ‘இந்த வெளிச்சத்துல வெள்ளைன்னா இதுதான்’னு ஒரு தடவை அதுக்குக் காட்டிடணும். இந்த மூடியை லென்ஸ்ல மாட்டி, விளக்கைப் பாத்து ஒரு படம் எடுத்தாப் போதும். அப்புறம் எல்லா நிறமும் உள்ளது உள்ளபடி வரும். ஒயிட் பேலன்ஸ்னு சொல்றாங்க.”

“மூடி இல்லன்னா?”

“வேற ஏதாவது வெள்ளையைக் காட்டணும்” என்றார் அண்ணி. “நிஜமாவே வெள்ளையா இருக்கிறதை.”

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இந்தக் கேமராவை அன்னைக்கப்புறம் யாரும் தொடலையே சார்?”

“இல்ல மேடம். விஷயம் தெரிஞ்சதும் முதலாளி அறையையே பூட்டிட்டாரு.”

“நல்லதாப் போச்சு. தம்பி, அந்தத் தாள் முன்னாடி போய் நில்லு.”

நின்றேன். அன்றைக்கு நான் போட்டிருந்தது அண்ணன் எடுத்துக் கொடுத்த சட்டை. குளத்துப் பாசியை வழித்துச் சாயம் போட்ட மாதிரி ஒரு நிறம். கடைக்காரனே தள்ளுபடி கொடுக்க வெட்கப்பட்ட சட்டை அது. அண்ணி எந்தப் பொத்தானையும் திருகாமல், இருந்தது இருந்தபடியே ஒரு படம் எடுத்தார். ஓடிப்போய்ப் பின்பக்கத் திரையைப் பார்த்தேன்.

“ஐயோ அண்ணி! சட்டை நீலமாயிடுச்சு! இந்த நிறத்துல எடுத்திருந்தா அண்ணனைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேனே!”

“சட்டையை விடு. பின்னாடி தாளைப் பாரு. என்ன நிறம்?”

“வெள்ளை.”

“இப்ப திரும்பிப் பாரு.”

திரும்பினேன். மேசை மேல் இருந்த தாள் வெள்ளை இல்லை. வெண்ணெய் நிறம். அதுவும் வெயிலில் வைத்து லேசாக உருகின வெண்ணெய். இவ்வளவு நேரம் அதன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன், கண்ணில் படவே இல்லை.

அண்ணி மூடியை லென்ஸில் மாட்டி, விளக்கைப் பார்த்து ஒரு படம் எடுத்து, கேமராவிடம் அதுதான் வெள்ளை என்று சொல்லிக்கொடுத்தார். மூடியைக் கழற்றி மறுபடி என்னைப் படம் பிடித்தார். என் சட்டை பழைய பாசிக்கே திரும்பிவிட்டது. தாளும் வெண்ணெய்க்குத் திரும்பியது.

“அந்தச் சுவரைப் பாரு” என்றார். சுவரில் கம்பெனியின் பழைய விளம்பரப் பக்கங்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். சிவப்புக் கல், பச்சைக் கல், முத்து. எல்லாவற்றுக்கும் கீழே அதே வெண்ணெய் நிறத் தாள். அதுதான் கம்பெனியின் வழக்கம். அண்ணி கைப்பையிலிருந்து அந்த நீலக் கல்லின் படத்தை எடுத்து அவற்றின் பக்கத்தில் பிடித்தார். கல்லுக்குக் கீழே தாள் வெள்ளைவெளேரென்று இருந்தது.

“எல்லாரும் கல்லையே பாத்திருக்காங்க. கல்லு எது மேல உட்கார்ந்திருக்குன்னு ஒருத்தரும் பாக்கலை” என்றார். “வெண்ணெய்த் தாளைக் காட்டி ‘இதுதான் வெள்ளை’ன்னு கேமராவை நம்ப வச்சிருக்காங்க. அது படத்துல இருக்கிற மஞ்சளையெல்லாம் உறிஞ்சி எடுத்துடுச்சு. பச்சை தட்டுற கல்லுலேர்ந்து மஞ்சளை எடுத்துட்டா மிச்சம் என்ன?”

“நீலம்!” என்று கத்தினேன். “அப்ப போட்டோக்காரர் சொன்னது நிஜம். வந்ததே பச்சைக் கல்லுதான்!”

மேனேஜர் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. “நல்லா இருக்கு மேடம். ஆனா அதையும் அவரே பண்ணியிருக்கலாமே? அவர் கேமராதானே?”

“பண்ணியிருக்கலாம். ஆனா கல்லை எடுத்தவர் அவர்னா, அவருக்கு எந்தப் படம் சௌகரியம் சார்? பச்சையாக் காட்டுற படம். ‘பாருங்க, வந்தப்பவே இப்படித்தான்’னு கை கழுவிடலாம். நீலமாக் காட்டுற படத்தைத் தன் கையாலயே எடுத்து, தன் கழுத்துக்கே கயிறு திரிப்பாரா?” அண்ணி மூடியைப் பைக்குள் போட்டார். “இந்தப் படத்தை எடுத்தவர்கிட்ட மூடி கிடையாது. ஏன்னா அது போட்டோக்காரர் சட்டைப்பையோட சாப்பிடப் போயிருந்துச்சு. அறை பூட்டி, கல்லு மேசையில இருந்த நேரம் அது. அப்ப உள்ள வந்து, அவர் எடுத்த படத்தை அழிச்சிட்டு இதை எடுத்து வச்சிருக்காங்க. இன்னொண்ணு. நிஜ நீலக் கல்லு கையில இருந்தா இந்தத் தில்லாலங்கடியே தேவையில்ல, அதையே வச்சுப் படம் எடுத்திருக்கலாம். அது அதுக்கு முன்னாடியே கைமாறிப் போயிடுச்சு.”

சாப்பாட்டு நேரத்தில் பூட்டிய அறையைத் திறக்க யாரிடம் அட்டை இருக்கும் என்று நான் கேட்க வாயெடுத்தேன். அண்ணி என் காலை மிதித்தார். வாயை மூடிக்கொண்டேன். கண்டுபிடித்தவனோடு ஒரே அறையில் அடைபட்டால் தைரியம். கண்டுபிடிக்கப்பட்டவனோடு அடைபட்டால்?

“யாருன்னு இப்ப தெரியலை” என்றார் அண்ணி, என்னமோ மழை வருமா என்று பேசுகிற குரலில். “ஆனா கேமராவுக்குத் தெரியும். தாளைக் காட்டி வெள்ளைன்னு சொல்றதுக்கு முதல்ல தாளை ஒரு படம் எடுக்கணும். அந்தப் படத்தை அழிச்சிருப்பாங்க. அழிச்சாலும் கார்டுலேர்ந்து தோண்டி எடுத்துடுவாங்க. அவசரத்துல ஒரு கையால தாளைத் தூக்கிப் பிடிச்சு எடுத்திருந்தா, ஓரத்துல விரலும் விழுந்திருக்கும். விரல்ல மோதிரம் கீதிரம் இருந்தா இன்னும் சுலபம்.”

மேனேஜரின் இடது கை மடியில் இருந்தது. அதில் சிவப்புக் கல் மோதிரம். அந்தக் கை அவரைக் கேட்காமலே மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

“கதவு திறந்ததும் கேமராவை நேரா போலீஸ் கையில குடுத்துடறேன்” என்று முடித்தார் அண்ணி. “அதுவரைக்கும் நாம என்ன பண்ண முடியும்? மாட்டிக்கிட்டோம்.” முக்காலியை விட்டு விலகி, சுவரோரம் போய்க் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

பிறகு மேனேஜர் எழுந்தார். “இன்னொரு தடவை அட்டையை வச்சுப் பாக்கறேன் மேடம். சில சமயம் மனசு மாறும்” என்றபடி கேமராவைக் கடந்து நடந்தார். கடந்தபோது கேமராவும் முக்காலியை விட்டுக் கூடவே போனது. கழுத்துப் பட்டையில் முதல் அட்டைக்குப் பின்னால் இன்னொரு அட்டை இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதை வைத்தார். பச்சை விளக்கு. கதவு திறந்தது.

“காலு!” என்று கத்தினார் அண்ணி.

என்னுடைய நாற்பத்திரண்டு அங்குல இடுப்போடு எப்படிப் பாய்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. சாத்திக்கொள்ளப்போன கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் என் வலது கால் போய் விழுந்தது. வலி உயிர் போயிற்று. கதவு மட்டும் மூடவில்லை.

“கேமரா போச்சே அண்ணி! அத்தனை சாட்சியும் அதுலதானே இருக்கு!”

“அதுல ஒண்ணும் இல்ல. மூடியைக் காட்டினப்பவே பழைய அமைப்பை நான் அழிச்சிட்டேன். விரல் விழுந்துச்சா, எனக்கென்ன தெரியும்?” அண்ணி கதவை இழுத்து என் காலை விடுவித்தார். “மாட்டிக்கிட்டவன் அட்டை வேலை செய்யலைன்னா ரெண்டு அட்டையையும் தேய்ப்பான். பர்ஸைக்கூடத் தேய்ப்பான். இவர் ஒண்ணைத் தேய்ச்சிட்டு உட்கார்ந்துட்டார். அது கேன்டீன் அட்டை. நாலு மணி வரைக்கும் நம்மளை உள்ளேயே வச்சிருக்கிறதுதான் திட்டம். கட்டையை எத்தினதும் அவர் காலுதான், அதை நான் கடைக்கண்ணால பாத்தேன்.”

“பாத்துட்டா என்னைத் திட்டினீங்க?”

“திட்டலை, கேட்டேன். கதவைத் திறக்க முடிஞ்ச ஆளு அவர் ஒருத்தர்தான். அவருக்கே வெளிய போகணும்னு தோண வைக்கணுமில்ல? ஓடு!”

நொண்டிக்கொண்டே ஓடினேன். மாடிப்படி ஏறி மேலே போவதற்குள் அங்கே கூச்சல். கேமராவைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்த மேனேஜரை முதலில் பார்த்தது பெஞ்சில் இருந்த போட்டோக்காரர்தான். காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்த மனுஷன் துள்ளி எழுந்தார். “சார்! லென்ஸைப் பிடிச்சுத் தூக்காதீங்க சார்! உடைஞ்சுடும்!” என்று அலறினார். காவலுக்கு நின்ற ஆள் இவரைப் பிடிப்பதா அவரைப் பிடிப்பதா என்று தெரியாமல் இரண்டு பேரையும் பிடித்தான். தொலைபேசியைக் கையில் எடுத்திருந்த முதலாளி அப்படியே வெளியே வந்தார்.

“பூட்டி வச்ச கேமராவை நீ எங்கய்யா எடுத்துட்டுப் போற?”

மேனேஜர் கோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அண்ணி அவரைத் திரும்பியும் பார்க்காமல், நீலக் கல்லின் படத்தையும் சுவரிலிருந்து பிய்த்து வந்த ஒரு விளம்பரப் பக்கத்தையும் முதலாளி கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“கல்லைப் பாக்காதீங்க. கீழ தாளைப் பாருங்க.”

முதலாளி பார்த்தார். இருபது வருஷமாக அந்தத் தாளின் நிறத்தைத் தானே தேர்ந்தெடுத்து வாங்கும் ஆள். முகம் மெல்ல மாறியது. “இது நம்ம தாள் இல்லையே” என்றார்.

“உங்க தாள்தான். கேமராவைத்தான் ஏமாத்தியிருக்காங்க” என்று அண்ணி ஆரம்பித்தார். அவர் சொல்லி முடித்தபோது மேனேஜர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கல் யார் கையில் இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். முதலாளி போலீஸைக் கூப்பிட்டார், ஆனால் வேறு ஆளுக்காக.

போட்டோக்காரருக்கு நடந்தது பாதிதான் புரிந்தது போலிருந்தது. பெஞ்சிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முதலாளி அவர் தோளில் கை வைத்தார். “மனசுல வச்சுக்காதப்பா. உன் வீட்டுக்காரம்மா மட்டும் இவங்களைக் கூட்டிட்டு வரலைன்னா நான் பெரிய தப்புப் பண்ணியிருப்பேன்.”

போட்டோக்காரர் நிமிர்ந்தார். வரவேற்பறைக் கதவோரம் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார். மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“நீதான் கூப்பிட்டியா? நான் எடுக்கலைன்னு நிரூபிக்கிறதுக்கா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லேன் அம்மா என்று நானே மனசுக்குள் கெஞ்சினேன். அண்ணிகூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இல்லைங்க” என்றார் அந்த அம்மா. “எடுத்தீங்களா இல்லையான்னு தெரிஞ்சுக்கிறதுக்கு.”

அந்த வெளிச்சம் அணைந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. “என்னையே கேட்டிருக்கலாமே” என்றார் அவர், மெதுவாக.

“கேட்டா எடுக்கலைன்னு சொல்லுவீங்க. எடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லுவீங்க. அப்புறம் நான் எதை நம்பறது?”

“எடுத்திருந்தேன்னா?”

“அப்பவும் இங்கதான் வந்து உட்கார்ந்திருப்பேன்” என்றார் அந்த அம்மா. குரல் உடைந்தது, ஆனால் பார்வையை எடுக்கவில்லை. “உங்களை விட்டுட்டு எங்க போவேன்? ஆனா தெரிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். தெரியாம ஒரு ராத்திரி உங்க பக்கத்துல படுத்திருந்தேன். அது மாதிரி இன்னொரு ராத்திரி என்னால முடியாதுங்க.”

போட்டோக்காரர், அதற்குள் பெஞ்சில் தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த காவல் ஆளைப் பார்த்து, “கொஞ்சம் எந்திரிங்க தம்பி, அவங்க உட்காரட்டும்” என்றார்.